பல் படாத அப்பம்

ஒரு துண்டு ரொட்டி என்னைக் கொல்லப் பார்த்தது. அதுவும் ஆண்டவருடைய பந்தியில், நான் முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்தி வாங்கிய ரொட்டி.

இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் வாய் வரவில்லை. சாட்சி எழுதுங்கள் என்று போதகர் ஐயா கேட்டபோதெல்லாம், “எனக்கு ஏசத்தான் வரும் ஐயா, எழுத வராது” என்று தட்டிக்கழித்தேன். ஆனால் போன மாதம் பீடோங்கிலிருந்து ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். அவருக்கும் வயிற்றில் ஆபரேஷன். அவரும் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அவருடைய கண்ணில் அன்றைய என்னையே பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானசுந்தரி. சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தேவசகாயம் தோட்டத்து லாரி ஓட்டுகிறார். எனக்கு ஆயாக்கொட்டகையில் வேலை. விடியும் முன்னே பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள்.

அந்தக் காலத்தில் நான் எவ்வளவு பெரிய ஆள் என்பதைச் சொன்னால் இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசில் என் எடை அடங்கவில்லை. ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் ஏறி நிற்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, “ஷீட்டோட சேர்த்து உன்னையும் பினாங்குக்கு ஏத்திடப் போறாங்கலா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

சர்க்கரை வியாதி இருந்தது. காலில் புண் ஆறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. பினாங்கில் ஒரு டாக்டர், வெளிநாட்டில் படித்து வந்தவர், காகிதத்துக்கு அடிப்பது போல வயிற்றுக்குள் பின் அடித்து அதைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்வதாகக் கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப் போனார். அது எண்பத்து நான்காம் வருஷம். பினாங்குப் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை, பெர்ரியில்தான் போனோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். “இனிமே உங்க வயிறு ஒரு சின்னக் கிண்ணம்தான். அதுக்கு வழியும் ரொம்ப சின்னது. எதைப் போட்டாலும் வாயிலேயே கூழாக்கித்தான் முழுங்கணும். மெல்லாம எதுவும் உள்ள போகக்கூடாது.”

நான் சொன்னபடி கேட்டேன். முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. சிறுபிள்ளைக்கு ஊட்டுகிற கரண்டியால் சாப்பிட்டேன். உடம்பு கரைய ஆரம்பித்தது. மளிகைக்கடை மலாய்க்காரர்கூட, “வாஹ், சுடா கூருஸ்!” என்று ஆச்சரியப்பட்டார். இளைத்துவிட்டாயே என்று ஒருவர் சொல்லி என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ராப்போஜன ஞாயிறு வந்தது.

எங்கள் தோட்டத்து ஜெபவீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுங்கைப் பட்டாணியிலிருந்து போதகர் மாதம் ஒரு முறை வந்து ஆண்டவருடைய பந்தியாகிய ராப்போஜனம் கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் மூப்பர் ஆசீர்வாதம் அண்ணன்தான். அப்பத்துக்கு, சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வெள்ளை ரொட்டி வாங்கி, ஓரம் நீக்கி, சதுரமாக வெட்டி வைப்பார்கள். கர்த்தருடைய அப்பத்தில் பல் படக்கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். வாயில் வைத்து, ஜெபித்து, அப்படியே விழுங்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பல் பட்டால் அவரைக் கடித்ததற்குச் சமம் என்று ஞாயிறு பள்ளியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ராப்போஜனத்துக்கு முன்னும் மூப்பர் அண்ணன் சின்னப்பன் என்பவரின் கதையைச் சொல்வார். மனதில் பகையை வைத்துக்கொண்டு சின்னப்பன் அப்பத்தை வாங்கினாராம். தொண்டையில் அது இறங்கவில்லையாம். எழுந்து வெளியே ஓடினாராம். அடுத்த ராப்போஜனத்துக்கு அவர் உயிரோடு இல்லையாம். அதைச் சொல்லும்போது மூப்பரின் குரல் தாழ்ந்துவிடும். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு, பயந்து, என்னைச் சோதித்துப் பார்த்துத்தான் பந்திக்குப் போயிருக்கிறேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். அப்பத்தை வாயில் வைத்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் டாக்டர் சொன்னது சோற்றைப் பற்றி, இது ஆண்டவருடைய அப்பம். எனக்கு இதில் கெடுதல் வருமா? நன்றியோடு அப்படியே விழுங்கினேன்.

அது இறங்கவில்லை.

நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டது. எச்சில் ஊறி வாய் நிறைந்தது. விழுங்கினால் எச்சிலும் திரும்பி வந்தது. நெஞ்சு இரண்டாகப் பிளப்பது போல வலி. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினேன். மரத்தடியில் குனிந்து நுரைநுரையாகக் கக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜெபவீட்டு ஜன்னலில் எல்லா முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாட்டு நின்றுபோயிருந்தது.

யாராவது ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். மூப்பர் அண்ணன் மட்டும் என் அருகில் வந்து, “தங்கச்சி, மனசுல ஏதாச்சும் இருந்தா ஆண்டவர்கிட்ட சொல்லிடும்மா” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலம் வலி நின்றது. ஆனால் அன்றிலிருந்து சோறும் திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் சோறு, பிறகு குழைத்த பருப்பு, கடைசியில் கஞ்சி. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு காலி பால் டின்னை மறைத்து வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது அதில் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, சிரித்த முகத்தோடு வந்து பிள்ளைகளுக்குச் சோறூட்டுவேன்.

நீங்கள் கேட்பீர்கள், டாக்டரிடம் போயிருக்கலாமே என்று. எப்படிப் போவேன்? எப்போதிருந்து வாந்தி என்றுதானே அவர் முதலில் கேட்பார். ஆண்டவருடைய அப்பம் சாப்பிட்டதிலிருந்து என்று ஒரு அந்நியரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அது அவருடைய நாமத்துக்கு இழுக்கு. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளே இருந்தது. ஆண்டவர் கொடுத்த உடம்பை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்டேன், அதனால் அவர் என் வாயிலிருந்து தம்முடைய அப்பத்தைத் தள்ளிவிட்டார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை வேண்டுமென்றே தவறவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். இளைத்துக்கொண்டே வந்தேன் அல்லவா, அவரும் நம்பிவிட்டார்.

அடுத்த மாத ராப்போஜனத்திலும் அதே கதி. இந்த முறை நான் எழுந்து ஓடுவதற்கு முன்பே, கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த ஒதுங்கலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு ஊருக்குள் ஒரு மாதிரியாகிவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு நான் கொண்டுபோன பலகாரம் தட்டிலேயே இருந்தது. சில தாய்மார்கள் பிள்ளையை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார்கள். லெட்சுமி அக்கா ஒருத்திதான் வழக்கம்போல ரசம் கொண்டுவந்து, “குடிலா, செத்துகித்து வைக்காத. எனக்குச் சண்டை போட வேற ஆள் இல்ல” என்பார். அந்த ரசமும் தங்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் என் காலைப் பார்த்து, “இன்னொரு செலிப்பர் எங்க?” என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லும் முள்ளுமான பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், உள்ளங்காலில் ரத்தம் வேறு. வலியே தெரியவில்லை. அவர் விளக்குமாற்றுக் குச்சியால் என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொடுவது என் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

“சுந்தரி, எனக்கு என்னமோ சரியாப் படல. நாளைக்கே பினாங்கு போவோம்” என்றார்.

மூப்பர் அண்ணன் அதைக் கேள்விப்பட்டு வந்தார். “மொதல்ல உபவாச ஜெபம் வைப்போம் தம்பி. இது டாக்டர் பார்க்கிற வியாதியான்னு தெரிஞ்சுக்குவோம்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பொருட்டு அவரும் பட்டினி கிடந்தார். சகோதரிகள் மூன்று நாள் என் வீட்டிலேயே இருந்து ஜெபித்தார்கள். நானும் உபவாசம் இருந்தேன். எனக்கென்ன, தினமும் உபவாசம்தானே! ஆனால் அதுவரை கொஞ்சநஞ்சம் தங்கிக்கொண்டிருந்த கஞ்சியும் அந்த மூன்று நாளில் நின்றது. வெறும் சீனித் தண்ணீர்தான் இறங்கியது. மூன்றாம் நாள் எழுந்து நின்றபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதற்கு அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். ஆயாக்கொட்டகையில் சீலையால் கட்டிய ஏணைகள் வரிசையாகத் தொங்கும். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தூக்கப் போனேன். ஒரு ஏணை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தது. இரண்டு குழந்தை, ஒரே முகம். கையை நீட்டித் தூக்கினேன், கையில் வெறும் காற்றுதான் இருந்தது. என் கை பட்டு ஏணை சாய்ந்து, அசல் குழந்தை அதன் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஓடிவந்து பிடிக்காவிட்டால் அது சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். குனோங் ஜெராய் மலை முழுவதும் கறுத்து, மழை இறங்கிக்கொண்டிருந்தது. மலையும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. குணமாக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இவ்வளவுதான் கேட்டேன்: “ஆண்டவரே, நீங்க என்னைத் தள்ளிட்டீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க. யார் வாயாலயாச்சும் சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கிட்டுச் சாவுறேன்.”

இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அதற்குள் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, திங்கட்கிழமை பினாங்குக்குப் போக லீவு எழுதிக் கொடுத்திருந்தார். திங்கள் வரை நான் இருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

நடுவில் வந்த ஞாயிறு ராப்போஜனம். அந்த மாதம் சபைக்குப் புதுப் போதகர் வந்திருந்தார். இளவயசு, கல்யாணம்கூட ஆகவில்லை. எங்கள் தோட்டத்துக்கு அதுதான் அவர் முதல் வருகை. என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வெளியே காலையிலேயே இருட்டிக்கொண்டு மழை. என் வீட்டுக்காரர் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மூப்பர் அண்ணன் சின்னப்பன் கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு அவரால் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். சபை முழுவதும் என்னைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்தது நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் முன்னே போகவில்லை. முடியாத ஆள் என்று நினைத்துப் போதகர் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்.

“ஏன்க்கா?” என்றார்.

“எனக்கு இது எறங்காது ஐயா.”

அவர் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். ஒருவேளை எடுத்துக்கொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. போதகர் நீட்டியதை மறுக்கக்கூடாதே என்று கையை நீட்டினேன். என் கை தட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு குனிந்து என் கண்ணைப் பார்த்தார். என் கருவிழி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததாம், பின்னால் சொன்னார்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். முழு ஆராதனைக்கு நடுவில், வெள்ளை அங்கியோடு.

“அக்கா, ஆண்டவர் உங்களத் தள்ளல” என்றார்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சகோதர சகோதரிகளே. இறங்காது என்று மட்டும்தான் சொன்னேன். தள்ளிவிட்டார் என்ற வார்த்தை என் மனதுக்குள் மட்டும் இருந்தது. அதற்கு ஆண்டவர் அந்த மனிதரின் வாயால் பதில் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். ஆபரேஷன், அப்பம், பால் டின், செருப்பு, ஏணை எல்லாவற்றையும் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் கொட்டித் தீர்த்தேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “ஏன் மெல்லாம முழுங்குனீங்க?” என்றார்.

“பல்லு படக்கூடாதே ஐயா.”

“யார் சொன்னது?”

எல்லோரும் மூப்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் மூப்பர் அண்ணன்தான், “எங்க அம்மா சொல்லிக் குடுத்தது ஐயா. அம்மா கல்யாணத்துக்கு முந்தி கத்தோலிக்கக் கோவில்ல இருந்தவங்க” என்றார்.

“அங்க குடுக்கிறது கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும்ண்ணே, நாக்குலயே கரைஞ்சிடும். நீங்க ரொட்டிய வெட்டி வச்சிக்கிட்டு அதே மாதிரி முழுங்கச் சொல்லியிருக்கீங்க.” போதகர் எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். எல்லோரும் பார்க்க, நன்றாக மென்றார். ஒரு கிழவி “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விழுங்கி முடித்தார். கூரை இடிந்து விழவில்லை.

“உங்களுக்கு இப்ப அப்பம் வேணாம்க்கா. ஆஸ்பத்திரிதான் வேணும். வண்டியில ஏறுங்க” என்றார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு முன்னே ஓடிவந்து என்னைத் தூக்கியவர் மூப்பர் அண்ணன். போதகரின் காரில் முன்சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார். பட்டர்வொர்த்தில் பெர்ரிக்காகக் காத்து நின்றபோது, மழையைப் பார்த்துக்கொண்டே, “சின்னப்பன் என் தம்பிம்மா” என்றார். “அவனுக்கும் தொண்டையில ஏதோ வியாதி. எங்க அம்மா சொன்னதக் கேட்டு, ஆண்டவர் அடிச்சிட்டாருன்னு நான் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். உன்னையும் பார்த்துக்கிட்டே இருந்துட்டேனே.” அவர் அழுது அன்றுதான் நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான் டாக்டர் கேட்டார். எப்போதிருந்து? நான் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இந்த ஆபரேஷனுக்கு வெள்ளை ரொட்டிதான் மொத எதிரி. மெல்லாமப் போனா உருண்டையாகி வழிய அடைச்சிக்கும்” என்றார். வாந்தி எடுத்து எடுத்து வயிற்றின் வழி வீங்கிச் சுருங்கிப்போயிருந்தது. குழாய் விட்டு அதை விரித்தார். கண்ணும் காலும் போனதற்குக் காரணம் வேறு. சாப்பாடு தங்காததால் ஒரு வைட்டமின் சத்து உடம்பில் சுத்தமாக இல்லை. அதை ஊசியில் ஏற்றினார்கள். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உங்களுக்கு உங்க புருஷன் பேரே ஞாபகம் இருந்திருக்காது. அதுக்கப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது” என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் விழித்தபோது மழை விட்டிருந்தது. கட்டில் பக்கத்து ஜன்னலில் கடல் தெரிந்தது. ஒரு பெர்ரி போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தேன். ஒரே ஒரு பெர்ரிதான். பக்கத்துக் கட்டில் சீன அம்மாவுக்குக் கேட்கும்படி “ஸ்தோத்திரம்” என்று கத்திவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய் நர்சைக் கூப்பிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கால் மரத்தது போக நெடுநாள் ஆனது. இடது காலில் இன்றும் முழு உணர்ச்சி இல்லை, அதனால் பின்னால் வார் வைத்த செருப்புத்தான் போடுகிறேன். சின்னத் தட்டில், சின்னக் கரண்டியில், மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன். கல்யாண வீட்டில், “என்னலா கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கிற” என்று கேலி செய்வார்கள். போதும் என்று வயிறு சொன்னால் பாதிக் கவளத்திலும் கையைக் கழுவிவிடுவேன். வாந்தி வந்தால் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எனக்குள் மாறியது அதுதான். முன்பெல்லாம் சபையின் கண்ணுக்குப் பயந்தேன். இப்போது மறைப்பதற்குத்தான் பயப்படுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், அதை அவரிடமே கேளுங்கள். என்னைப் போலப் பயந்து பயந்து கேட்டாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு, வாயைத் திறந்து மனிதரிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். நம்முடைய வியாதியைக் கேட்டு அவமானப்படுகிற ஆண்டவர் இல்லை அவர். அவரை நம்பி வாருங்கள், நான் தைரியமாகக் கூப்பிடுகிறேன்.

எங்கள் ஜெபவீட்டில் இப்போது சின்னப்பன் கதை சொல்வதில்லை. ரொட்டியை மூப்பர் அண்ணனே வெட்டுகிறார். எனக்கென்று ஒரு துண்டைப் பருப்பளவில் வெட்டித் தட்டின் ஓரத்தில் தனியாக வைப்பார். நான் அதை வாங்கி, பல்லில் வைத்து, மென்று மென்று கூழாக்குவேன். எல்லோரும் முடித்துவிடுவார்கள், நான் மட்டும் மென்றுகொண்டிருப்பேன். சபை அமைதியாகக் காத்திருக்கும். மூப்பர் அண்ணன் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கிவிட்டது என்று நான் தலையை அசைத்த பிறகுதான் அவர் பாட்டை எடுப்பார்.